மூணு சுழி ‘ண’ வராத சேகர் அண்ணா

சேகர் அண்ணா இறந்துவிட்டாராம். மரக்காணத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அதே சேகர் அண்ணாதான். காலையில் வாட்ஸ்அப்பில் பார்த்தேன்...

எல்லாரும் ‘நல்ல மனிதர்’ என்று போடுகிறீர்கள். போடுங்கள். என் பங்குக்கு நானும் கொஞ்சம் போடுகிறேன்.

2005. நான் உப்பு கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். வேலை முடிந்து பெருமுக்கல் பஸ் வரும்வரை அண்ணா சென்டரில் உட்காருவேன். ஒரு தமிழ் ஃபோரமில் ‘கரிப்பு’ என்ற பெயரில் எழுதுவேன். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் ஒதுங்கக்கூட இடமில்லாமல் படும் பாடு, மழை வந்தால் கூலி இல்லாமல் போவது... இதெல்லாம்.

நிறையப் பேர் படித்தார்கள். பதில் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே ஃபோரமில் சேகர் அண்ணாவும் சொந்தப் பெயரில் கவிதை போடுவார். பாவம், ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அப்போதுதான் ‘நியாயவாதி’ என்று ஒரு முகமூடி வந்தது. நான் எது எழுதினாலும் கீழே வந்து நிற்கும். ‘இவல் பென்னே அல்ல, ஆன். பெயரை மாட்ரி ஏமாட்ருகிரான்.’

படித்துவிட்டுச் சிரித்தேன். தமிழே தெரியாதவன் நியாயம் பேச வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஒருநாள் சென்டரில் எல்லா சிஸ்டத்திலும் ஆள். அண்ணா தன் சேரிலிருந்து எழுந்தார். “என் சிஸ்டத்துல உக்காரும்மா. ஷிப்ட்டு, கேப்ஸ் லாக்கு ரெண்டும் புட்டுக்கிச்சு. உப்புக் காத்து, இன்னா பண்றது... நல்ல கீபோர்டெல்லாம் கஸ்டமருக்குக் குடுத்துட்டேன்.”

இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழில் விழும் சாஃப்ட்வேர் அது. சின்ன என் அடித்தால் ‘ன’, ஷிப்ட்டோடு பெரிய என் அடித்தால் ‘ண’. நான் ‘பெண்’ என்று அடித்தேன். ‘பென்’ என்று விழுந்தது.

‘ஆண்’ அடித்துப் பார்த்தேன். ‘ஆன்.’ நியாயவாதி போட்ட அதே ‘ஆன்’.

அவர் எனக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஃபோரமில் ஒரே வரி போட்டேன். ‘நியாயவாதி ஐயா, மூணு சுழி ண வரலையா? கீபோர்டை மாத்துங்க.’

மாற்றினார்! அடுத்த நாளே அவர் மேசையில் புத்தம் புது கீபோர்டு. நியாயவாதிக்கும் அன்றே ‘ண’ வந்துவிட்டது.

அந்தப் புது ‘ண’வை வைத்து அவர் முதலில் அடித்தது என் பெயர். கண்மணி. இரண்டு ‘ண’வும் சரியாக இருந்தது. என் ஊர், என் ஆபீஸ், ‘ராத்திரி பகலா ஆம்பளைங்களோட சாட்டிங்’... ஒரு பிழை இல்லை.

விஷயம் அப்பா காதுக்குப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. “ஊரே சிரிக்குது. நாளையிலேர்ந்து வேலைக்குப் போவ வேணாம்.” அவ்வளவுதான். வேலை போனது, எழுத்து போனது. ஆறே மாதத்தில் கல்யாணம். மறுபடி ஒரு வரி எழுத எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அந்தக் கல்யாணத்துக்கும் வந்தார். பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டு முறை வாங்கினார். “இன்னாம்மா, இப்பல்லாம் எழுதுறதே இல்லியே?” என்று கேட்டார். என்ன நெஞ்சழுத்தம்!

செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். உயிரோடு இருந்தவளைப் பற்றிப் பேசலாமா? சொந்தப் பெயரில் வந்து பதில் சொல்லுங்கள், கேட்கிறேன். ஃபேக் ஐடி வந்தால் பிளாக்.

இதை டைப் செய்துகொண்டிருக்கும்போதே அவர் மனைவி போன் செய்தார். ஒரே அழுகை.

“கண்மணி, உன்னப் பத்திதான் அடிக்கடி பேசுவாரும்மா. அந்தப் பொண்ணு மாதிரி எனக்கு ஒரு வரிகூட எழுத வரலைன்னுவாரு...”

“சரிக்கா” என்று வைத்துவிட்டேன். அக்கா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஆனால் அந்த ஒரு வரியை அவர் வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஃபோரமில் போட்டிருக்கலாம். சொந்தப் பெயரில்.

சாயந்திரம் எடுக்கிறார்களாம். நான் வரவில்லை.

‘போய் வாங்க’ என்று சொல்ல மனசு வரவில்லை... போங்க, சேகர் அண்ணா.