அடியில் வைத்த கூறைப்புடவை

எங்கள் அம்மா மதலேனம்மாள் பொம்மிடியைத் தாண்டிப் போனதே குறைவு. எழுபத்திரண்டு மே மாதம், கோடை லீவுக்குப் பெங்களூருக்கு அழைத்துப் போக அண்ணன் வந்திருந்தான். ஒற்றை அறை வீடு, சின்னப் பெட்டி போதும் என்றான்.

அம்மா பெட்டி அடுக்கியதைப் பார்க்க வேண்டும். மூன்று வாயில் புடவைகள். மூன்றுக்கும் சேருகிற மாதிரி ஒரு கறுப்பு ரவிக்கை, ஒரு வெள்ளை ரவிக்கை. நீலப் புடவை கோயிலுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் கல்யாணக் கூறைப்புடவை. எங்கள் சனத்தில் பெண்களை அதைக் கட்டித்தான் அடக்கம் செய்வார்கள். அது இல்லாமல் வயதானவர்கள் வெளியூர் போக மாட்டார்கள்.

பெட்டி மூடவில்லை. அப்பா சவரிமுத்துவுக்குக் கோபம் மூக்கு நுனியில். கூறைப்புடவையை உருவி வெளியே போட்டார்.

"ஊரு பாக்கப் போறயா, சாகப் போறயா?"

"இருக்கட்டுமுங்க" என்றாள் அம்மா. அவர் கேட்கவில்லை.

போன இடத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, பிழைக்கவில்லை. தந்தி வந்ததும் அப்பா அந்தப் புடவையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். ஜோலார்பேட்டையில் மாற வேண்டிய வண்டி போய்விட்டிருந்தது. வெயிலுக்கு உடம்பு தாங்காதென்று, அவர் போய்ச் சேருவதற்குள் அடக்கத்தை முடித்துவிட்டார்கள்.

அண்ணியிடம் அவர் ஒன்றுதான் கேட்டார். "என்ன கட்டுனீங்க?"

"நீலப் புடவைங்க மாமா. பெட்டியில அதுதான் நல்லதா இருந்துது."

இப்போது கடத்தூர் சந்தைக்குப் போனாலும் அந்தப் பையில் கூறைப்புடவை இருக்கிறது. பையில் இடமில்லை என்று பாதிக் காய் வாங்காமல் திரும்பி வருகிறார். புடவையை எடுத்து வெளியே வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.