அப்பாவின் சின்னத்தில் கத்தி இருந்தது

சித்தப்பா, அப்பாவின் கடைசி விருப்பத்தை நீங்கள்தான் அழித்தீர்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் அட்டையில் வந்த கிரீடமும் இரண்டு வெள்ளைக் குதிரைகளும் அப்பா வரைந்தவை அல்ல. அவர் வரைந்த குடும்பச் சின்னத்தை, மூத்த மகளாகிய நான் இந்த ஆண்டுத் திவச மலரின் அட்டையில் அச்சிட்டிருக்கிறேன். உறவினர்களும் நண்பர்களும் அதைப் பார்த்துவிட்டு இதை வாசியுங்கள்.

கேடயத்தின் மேற்பாதியில் ஒரு பனை. கீழே இடப்பக்கம் கள்ளுச் சீவும் பாளைக்கத்தி. வலப்பக்கம், மரமேறும்போது காலில் மாட்டும் தளநார். அது அறுந்திருப்பதுபோல வரைந்திருக்கிறார். அப்பாவின் தகப்பன், எங்கள் அப்பப்பா, பனையிலிருந்து விழுந்து இறந்தது நார் அறுந்துதான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த அப்பா, அப்பப்பா இறந்த பிறகு பதினைந்து வயதில் அதே மரங்களில் ஏறினார். பள்ளிக்கூடத்தில் அவரை வாங்கில் இருக்க விடவில்லை, நிலத்தில்தான் இருத்தினார்கள். தேநீர்க்கடையில் தேங்காய்ச் சிரட்டையில்தான் ஊற்றினார்கள். அவர் படிப்பை விட்டார், தம்பியை விட விடவில்லை. சித்தப்பாவின் கொப்பியும் சீருடையும் அந்தக் கத்தியின் உழைப்பு.

இலண்டனில் அப்பா, நகரத்தின் நடுவே ஒரு பழைய தொழிற்குழுவின் மண்டபத்தில் துப்புரவு வேலை செய்தார். சுவர் முழுக்க ஒவ்வொரு தொழில்காரரின் சின்னமும் வரைந்த கேடயங்கள். ஏணி வைத்துத் துடைப்பார். குட்மேய்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சொல்வார்: "பிள்ளை, இறைச்சி வெட்டினவன் கோடாலியைப் போட்டிருக்கிறான். மீன் வித்தவன் மீனைப் போட்டிருக்கிறான். பெரிய பெரிய ஆக்கள் அதுக்குக் கீழ இருந்துதான் சாப்பிடுகினம். நாங்கள் மட்டும் ஏன் ஒளிக்கிறம்?"

புற்றுநோய் நான்கு மாதத்தில் அவரை எலும்பாக்கியது. கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரி உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் இந்தச் சின்னத்தை வரைந்தார். கத்தியின் வளைவு சரிவரவில்லை என்று மூன்று தரம் அழித்தார். "என்ர மலருக்கு இதுதான் அட்டை" என்றார். "ஓம் அண்ணை, நான் பாக்கிறன்" என்று அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தவர் சித்தப்பா. அதற்கு முன்பே நான் அதைக் கைபேசியில் படமெடுத்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள், மண்டபத்தில் மலர்கள் வந்த பெட்டியைப் பிரித்தபோது அட்டையில் குதிரைகள் இருந்தன.

"சத்தம் போடாதை பிள்ளை" என்றார் சித்தப்பா. "என்ர பெடியனுக்குச் சம்பந்தம் பேசுறம். பொம்பிளை வீட்டு வெம்பிளி ஆக்கள் முன்வரிசையில இருக்கினம்."

"எங்கட வீட்டில எந்தக் குதிரை நிண்டது சித்தப்பா? ஆடுகூட நிக்கேல்லை."

"செத்த மனுசனுக்கு அட்டை தெரியப்போகுதே? இருக்கிறவை வாழவேணும்."

அதோடு வெம்பிளிக்காரருக்கு வடை கொடுக்கப் போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு அந்த மலரை உங்கள் எல்லாருடைய கையிலும் கொடுத்தேன். அது என் பிழை.

அப்பாவைக் குளிப்பாட்டி உடைமாற்றிய தாதிமாருக்கும், மூன்று கிழமை அம்மாவுடன் தங்கிய மாமிக்கும், லீவு கிடைக்காமலும் வந்து சவப்பெட்டி தூக்கிய அவருடைய வேலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பா, ஆண்டுத் திவசச் சாப்பாட்டுக்கு உங்கள் புதுச் சம்பந்திகளும் வருகிறார்கள். மைக்கை உங்கள் கையில் தருவேன். உங்கள் அண்ணன் என்ன தொழில் செய்து உங்களைப் படிப்பித்தார் என்று, அவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள்.