டெலிபோன் ஆபரேட்டருக்கு ஒரு முடிவு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்து லெண்டிங் லைப்ரரி ஒன்றில் எனக்கு வேலை. நின்றுபோன பத்திரிகைகளில் வந்த துப்பறியும் தொடர்களின் பைண்டு புத்தகங்களைத் தேடிப் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பாத்திரங்களை வைத்துப் புதுக்கதை எழுதி, பொங்கலுக்கு ஒருவருக்கொருவர் பரிசாகத் தரலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். எந்தப் பாத்திரத்தைப் பற்றிக் கதை வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சீட்டில் எழுதி வாங்கி, யாருக்கு யார் எழுதுவது என்று குலுக்கிப் போட்டேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, இரும்புலியூர் வங்கி ஊழியர் கைவிரித்துவிட்டார்.

"சாரி மேடம், டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு. ஒரு வரிகூட எழுதல."

அவர் எழுதவேண்டியது செம்பாக்கத்து நர்ஸ் ஒருவருக்கு. ஒரு தொடரில், கொலைகாரனின் குரலைப் போனில் கேட்ட ஆபரேட்டர் பெண் பாதியிலேயே காணாமல் போய்விடுகிறாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று நர்ஸ் கேட்டிருந்தார்.

நான் கதையே எழுதியதில்லை. வேறு ஆளும் இல்லை. நான்கு நாளும் கவுண்டரில் உட்கார்ந்து எழுதினேன். என் கதையில் அவள் பயந்து ஓடவில்லை. சந்தேகப்பட்ட ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, அந்தக் குரலைப் பிடித்துவிடுகிறாள்.

பொங்கலன்று எல்லோரும் லைப்ரரியில் கூடினோம். நர்ஸ் நின்றபடியே கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"அக்கா, இத யாரு எழுதினது?"

"நான்தான்."

"இத்தினி வருஷமா அவ செத்துட்டான்னு நெனச்சுகினு இருந்தேன்," என்றார். கண் கலங்கியிருந்தது.

உடனே எல்லோரும் அதைக் கேட்டுக் கைநீட்டினார்கள். ஒருவரும் காத்திருக்கத் தயாராக இல்லை. நானே நாற்காலியில் ஏறி நின்று, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன்.