முட்டுக்காரம்மாவின் சிவப்புத் துணி

அந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் இருந்தது. தடித்த சிவப்புத் துணியில், மகளின் கல்யாணத்துக்கு முன் ஆசை ஆசையாகத் தைத்த திரைகள். அவை ஒவ்வொன்றாகக் கழன்று, நாடா நாடாவாகக் கிழிந்து, கட்டடம் எழும்புகிற இடத்துக்குப் போய்விட்டன. மிஞ்சியது கூடத்துத் திரை ஒன்றுதான்.

"என் சட்டையெல்லாம் வெள்ளையா இருக்கப் போய்த் தப்பிச்சேன். இல்லைன்னா அதையும் கொண்டுபோய் முட்டுக்குக் கட்டியிருப்பா" என்பார் வீட்டுக்காரர், வந்தவர் போனவரிடமெல்லாம். மனைவி சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போய்விடுவாள்.

வேலையிடத்தில் அவளுக்குப் பெயர் முட்டுக்காரம்மா. ஒரு கட்டடம் எழும்பும்போது அதைத் தாங்கி நிற்பவை, முடிந்த பிறகு அங்கே இருக்கப் போகாதவை. சாரம், பலகை, இரும்பு முட்டு, குழிச்சுவர் சரியாமல் பிடித்துக்கொள்ளும் தடுப்பு. வேலை முடிந்ததும் எல்லாம் வண்டியேறிப் போய்விடும். திறப்பு விழாவில் அவற்றுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் அவற்றை எப்போது நிறுத்துவது, எவ்வளவு பாரம் ஏற்றுவது, எப்போது அவிழ்ப்பது என்று ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்பவள் அவள். எடுக்கக் கூடாத முட்டின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டுவாள். கட்டியவளே வந்து அவிழ்க்கும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. இதுதான் அங்கே சட்டம்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவளில்லை. வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் கான்கிரீட்டுக்குப் பலகை அடித்து முட்டு நிறுத்தும் சென்ட்ரிங் தச்சர். ஒருநாள் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போதே தளம் முட்டுகளோடு சேர்ந்து இறங்கியது. கூட இருந்தவர்கள் சிலர் வீடு திரும்பவில்லை. இவர் ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். மகள் அப்போது கைக்குழந்தை. அதே கம்பெனி இரக்கப்பட்டு, முட்டுகளை எண்ணிக் கொடுத்து வாங்கும் ஸ்டோரில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டது. வளைந்த முட்டு எது, உயரத்தைப் பூட்டும் ஊசியை மாற்றிய முட்டு எது என்று தொட்டுத் தொட்டுப் பழகினாள். மாலை வகுப்பில் சேர்ந்து டிப்ளமோ படித்தாள். புத்தகத்தை மடியில் விரித்து, மகளைத் தோளில் போட்டுத் தட்டியபடி படித்த படிப்பு அது.

அந்த மகளைத்தான் சென்ட்ரிங் மேஸ்திரி ஒருவருக்குக் கொடுத்திருந்தாள். தேர்ந்தெடுத்தது வீட்டுக்காரர். "கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்" என்று சான்றிதழ் கொடுத்தே கட்டிவைத்தார். இப்போது மகளுக்கு நிறைமாதம். மாப்பிள்ளையின் ஆட்களுக்கும் மாமியாருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை விழுந்தபோது மகள் பயந்தாள்.

"அம்மா, உன் கறாரை எல்லாம் அவர்கிட்டக் காட்டாதேம்மா. வெளிய சிரிப்பாரு, வீட்டுக்கு வந்து ரெண்டு நாளைக்கு சுவரைப் பார்த்து உட்கார்ந்துக்குவாரு. எனக்குத்தான் தாங்காது."

"நான் எதுக்குடி காட்டறேன்? மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்" என்று மகளின் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள்.

சொன்ன வாக்குக்குச் சோதனை வந்தது ஒரு காலைப் பொழுதில்.

மேல் தளத்துக்கு கான்கிரீட் போடும் நாள். முந்தின மாலையே எல்லா முட்டுகளையும் தட்டிப் பார்த்து, நாளைக்குப் போடலாம் என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆனாலும் பம்ப் ஓடுவதற்கு முன் ஒருமுறை பார்ப்பது அவள் வழக்கம். அன்று வழியில் பஸ் பழுதாகி நின்றது. அவள் வந்து சேர்ந்தபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் கான்கிரீட் விழ ஆரம்பித்திருந்தது. தெருவில் கான்கிரீட் வண்டிகள் வயிற்றை உருட்டிக்கொண்டு வரிசை கட்டி நின்றன.

மூச்சிரைக்கப் படியேறி, பலகைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். முட்டுக் காடு. அதன் நடுவே, பெரிய உத்தரத்துக்கு அடியில், அவள் கண்ணில் பட்டது அவள் வீட்டு ஜன்னல் திரை.

சிவப்பு நாடாக்கள்! அவற்றை அவள் இந்தத் தளத்தில் கட்டவே இல்லையே. கட்டியதெல்லாம் இதற்குக் கீழ்த் தளத்தில் அல்லவா!

கீழே ஓடினாள். நேற்று நெருக்கமாய் நின்ற முட்டுகளில் பாதியைக் காணோம். அந்த இடைவெளியில் ஒயர் இழுக்கும் ஆள் ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தான். கல் பொறுக்கும் பெண்கள் இருவர் கூடையை இறக்கிவைத்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே இருந்ததோ போட்டுச் சில நாளே ஆன தளம். பார்த்தால் கல்லாகத்தான் இருக்கும். ஆனால் இன்னும் பால்குடி. நேற்று நடக்கப் பழகிய குழந்தையின் இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்தாற்போல், அதன்மேல் அடுத்த தளத்தின் பாரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிடித்திருந்த கையையும் எடுத்தாகிவிட்டது.

"எல்லாரும் வெளிய வாங்க! கூடையை விடும்மா, உயிரை எடுத்துக்கிட்டு வா!" என்று விரட்டினாள். படியில் எதிர்ப்பட்ட சென்ட்ரிங் ஆளைப் பிடித்து உலுக்கினாள். "யார்டா முட்டுகளை எடுத்தது?"

"உத்தரத்துக்குக் கொஞ்சம் பத்தலைம்மா. காலையில மேஸ்திரிதான் எடுத்துக்கச் சொன்னாரு. துணியை அவிழ்க்கக் கூடாதுன்னுதானே நீங்க சொன்னீங்க? அவிழ்க்கலையே. அப்படியே துணியோட தூக்கிட்டுப் போயிட்டோம்."

அழுவதா சிரிப்பதா! மேலே போய்க் கையைத் தூக்கினாள். பம்ப் நின்றது. திடீரென்று விழுந்த அமைதியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை வேகமாக வந்தார். முகத்தில் முதலில் சிரிப்புதான் இருந்தது. "என்ன அத்தை, வண்டியெல்லாம் காத்திருக்கு."

"கீழ முட்டு இல்லை மாப்பிள்ளை. திரும்ப நிறுத்தினதுக்கு அப்புறம் போடலாம்."

"கீழ்த் தளம் காஞ்சு கல்லாயிடுச்சு அத்தை. உத்தரம்தான் முக்கியம்னு அங்க கூடக் கொஞ்சம் வச்சேன். உங்க வேலையைத்தான் செஞ்சிருக்கேன்."

"தப்பு மாப்பிள்ளை."

அந்த ஒரு சொல்லில் சிரிப்பு அணைந்தது. ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய இன்ஜினியர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"விழும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். நிக்கும்னும் எனக்குத் தெரியாது."

மாப்பிள்ளைக்கு ரத்தம் தலைக்கேறியது. "சரி! என் வேலை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. நானே கீழ போய் நிக்கறேன். போடுங்கடா!" என்று இறங்கிப் போய், முட்டுகள் இல்லாத அந்த இடைவெளியின் நட்ட நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தான் கட்டியதற்குக் கீழே தானே நிற்பது மேஸ்திரிகளின் மானம். அதற்கு மேல் பேச்சில்லை. அங்கிருந்தே அவர் குரல் வந்தது.

"இன்னிக்கு இதை நிறுத்தினா, சாயங்காலம் உங்க பொண்ணு உங்க வீட்டுல இருப்பா அத்தை! சொல்லிட்டேன்!"

நிறைமாத வயிற்றோடு மகள் வாசலில் நிற்கும் காட்சி அவள் கண்ணுக்குள் வந்து போனது. எந்தத் தலையில் கை வைத்து வாக்குக் கொடுத்தாளோ அந்தத் தலை! ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொரு காட்சியும் வந்தது. அந்த மகள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு சிமெண்டுப் புழுதிக்குள் ஓடி வருகிறாள்.

பம்ப் ஓட்டுநர் தவித்தார். "அக்கா, யார் பேச்சை நான் கேட்கறது?"

"கீழ நிக்கறது என் மாப்பிள்ளை. என் பேச்சைக் கேளுங்க." தூக்கிய கை இறங்கவில்லை.

பம்ப் அதற்குப் பிறகு ஓடவில்லை. மூலையில் விழுந்திருந்த கான்கிரீட்டை வாரிக் கொட்டினார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. மாப்பிள்ளை அவளைக் கடந்து போனபோது, ஒரு அந்நியரைப் பார்ப்பதுபோல்கூடப் பார்க்கவில்லை.

இந்த வேலையின் கொடுமையே அதுதான். சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. நடக்காத ஒன்றை யாரிடம் காட்டி நியாயம் கேட்பது? தளம் அப்படியே நின்றது. 'சும்மா நிறுத்திட்டாங்க' என்று ஆட்கள் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது.

சாயங்காலம் மகள் வந்தாள், கையில் பையோடு. உட்காரக்கூட இல்லை.

"ஒரு வார்த்தை பேசலை அவர். 'உங்கம்மா வீட்டுக்குப் போ'ன்னார், அவ்வளவுதான். தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அத்தனை ஆளுங்க முன்னாடி அவமானப்படுத்தணுமா? உனக்கு முட்டு பெருசா, நான் பெருசா?"

தாய் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். பேசியவர் வீட்டுக்காரர். எப்போதும் தமாஷ் பேசும் அந்த மனிதர், பாதியில் முடிந்துபோன தன் தொடையைத் தடவிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"அன்னிக்கு என்னையும் யாராவது இப்படி ஆளுங்க முன்னாடி அவமானப்படுத்தியிருந்தா, உன்னை நான் தோள்ல தூக்கிட்டு நடந்திருப்பேன்டா கண்ணு."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். மாப்பிள்ளை! சட்டையெல்லாம் துரு. வீட்டுக்குப் போகாத முகம். உள்ளே வந்தவர் மாமனாரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மாமியாரை மட்டும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"முட்டுகளைத் திரும்ப நிறுத்தறதுக்கு முன்னாடி அடியில நூல் கட்டிப் பார்த்தேன் அத்தை. ரெண்டு ஓரத்துலயும் ஒரே அளவு கட்டை வச்சு, நூலை இழுத்துக் கட்டினேன். அதே கட்டை நடுவுல நுழையலை. தளம் நடுவுல இறங்கியிருக்கு. முடி மாதிரி விரிசல். ஒரு மூலையில போட்டதுக்கே அப்படி. முழுசாப் போட்டிருந்தா…"

அவர் நின்ற இடமும் அதே நடுதான். அதை யாரும் சொல்லவில்லை. மகளின் கை வயிற்றின்மேல் போய் அழுந்தியது.

மன்னிப்பு என்ற சொல் மாப்பிள்ளை வாயிலிருந்து வரவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "முதல்ல இதைக் குடிங்க மாப்பிள்ளை."

அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்து, டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டு நின்றார்.

"இன்ஜினியர் வந்து பார்த்துட்டார். இனிமே அதுக்கும் கீழ்த் தளத்துலயும் முட்டு நிறுத்தணுமாம். எல்லாம் நிறுத்திட்டோம். உங்க துணிதான் பத்தலை அத்தை. இன்னும் கொஞ்சம் இருந்தா குடுங்க. நானே கட்டறேன். அவிழ்க்கறது நீங்க வந்து அவிழ்த்துக்குங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். அதற்குள் மகள் எழுந்துவிட்டிருந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கூடத்து ஜன்னலுக்குப் போய், கடைசித் திரையை வளையங்களோடு இழுத்துக் கழற்றினாள். விளிம்பைப் பல்லில் வைத்துக் கடித்து, நீளமாக ஒரு கிழி கிழித்தாள்.

வெயில் கூடத்துக்குள் வந்து விழுந்தது. வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் வெள்ளைச் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மகள் முதல் நாடாவைத் தாயின் கையில் கொடுக்கவில்லை. புருஷனின் மணிக்கட்டில் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இதை அம்மாகூட அவிழ்க்கக் கூடாது" என்றாள்.