சாச்சியின் ஏழாம் மாதச் சோறு

கொழும்பில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த வங்காளப் பெண் கடுகெண்ணெயைக் காய்ச்சும்போதெல்லாம் கல்முனையில் இருந்த எங்கள் சாச்சியின் முகம் எனக்கு ஞாபகம் வருகிறது.

1950களில், நெசவுக்கு நூல் வாங்கக் கல்கத்தா போன சாச்சா, என் வாப்பாவின் தம்பி, அவளைக் கலியாணம் முடித்துக் கூட்டிவந்தார். எங்கள் ஊரில் கலியாணத்துக்குப் பெண்ணுக்குத்தான் அவள் தாய்வீட்டார் வீடு கொடுப்பார்கள். வீடில்லாமல் வந்த சாச்சி, சாச்சாவின் கூடப்பிறந்த மூத்த ராத்தாவான மாமியின் வீட்டில் ஒதுங்கினாள்.

வயிற்றில் ஏழு மாதம் ஆனபோது சாச்சி, எங்களிடம் பழகிய தமிழில் கேட்டாள்: "எங்கட ஊரில இந்த மாசம் புள்ளத்தாச்சி ஆசப்பட்டதத் தாய் ஆக்கிக் குடுப்பா. நானே ஆக்கட்டா, மதினி?"

"ஆக்கு" என்றாள் மாமி.

ஊரிலிருந்து கொண்டுவந்த போத்தலில் மிஞ்சியிருந்த கடுகெண்ணெயை ஊற்றி, கடுகை அரைத்துப் பாரை மீன் ஆக்கினாள். முதலில் கசப்புத் தின்பது அவர்கள் வழக்கம் என்று பாகற்காயும் பொரித்தாள். சோற்றோடு அவள் உட்கார்ந்ததும், மாமி மீன்சட்டியைத் தூக்கிப்போய் நாய்க்குக் கொட்டினாள்.

"மாட்டுக்குத் தேய்க்கிற எண்ணெய நம்மட வீட்டில திங்கிறல்ல."

சாச்சி சாச்சாவைப் பார்த்தாள். அவர் தலை நிமிராமல் தன் சோற்றுக்கு ஆணம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் பாகற்காயோடு சோற்றைத் தின்று முடித்தாள்.

பிரசவத்தில் தாயும் பிள்ளையும் மவுத்தானார்கள். மையித்துப் பார்க்க வந்தவர்களிடம் மாமி சொன்னாள்: "அந்தக் கடுகெண்ணெயத் திண்டு திண்டுதான் இப்பிடி ஆச்சு."

பக்கத்தில் நின்ற சாச்சா "ஓம்" என்று தலையாட்டினார்.