ஒரே வாயின் இரண்டு பக்கங்கள்

அந்த எக்ஸ்ரே படத்தை இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன். கீழ்த்தாடையின் இரு பக்கமும் எலும்பில் திருகிப் பதித்த ஒவ்வொரு செயற்கைப் பல் வேர். வலப்பக்கத்தில் எலும்பு வேரின் கழுத்துவரை இறுகப் பிடித்திருந்தது. இடப்பக்கத்தில் அது பாதிக்குக் கீழே இறங்கி, வேரின் திருகுப் புரிகள் அம்மணமாகத் தெரிந்தன.

புளியந்தீவில் அந்தப் பல் டொக்டரிடம் ஆறு வருடம் உதவியாளராக இருந்தேன். ஊரில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர்மேல் எனக்கும் மரியாதை இருந்தது. அதை நினைத்தால் இன்று என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஆரம்பத்தில் அவர் வைத்தவை வேரும் தலையும் ஒரே துண்டாக அமைந்தவை. பிறகு, வேரைப் புதைத்துவிட்டுத் தலையைப் பின்னர் திருகிப் பூட்டும் வேறொரு வகைக்கு மாறினார். அவர் வாங்கிய அந்த வகையில் இரு துண்டும் சரியாகப் பொருந்தவில்லை. இடுக்கில் கிருமி தங்கி, சுற்றியிருந்த எலும்பு கரைந்தது. படங்களை எடுத்து வைப்பது என் வேலை என்பதால் ஒருவர் பின் ஒருவராகப் பலரிடம் அதே தேய்வைக் கண்டேன். அவரும் கண்டார். கண்டும் அதையே வைத்தார். வாயைச் சுத்தமாக வைப்பதில்லை என்று வந்தவர்களை ஏசினார். அவர்களும் குற்றவாளிகள்போலத் தலைகுனிந்து போனார்கள்.

மண்டூரிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மட்டும் குனியவில்லை. ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகில் வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருவார். அவருக்கு வலப்பக்கம் பழைய வகை, இடப்பக்கம் புதியது. ஏச்சு தொடங்கியதும் அவர் அந்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாய் ஒண்டு, பிரஷ்சும் ஒண்டு. இடப்பக்கத்த மட்டும் நான் தீட்டாம விட்டனா டொக்டர்?"

இந்த வயதில் ஞாபகம் பிசகும், பல் தீட்டினோமா என்பதே மறந்துபோகும் என்று வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார் டொக்டர். யாரோ சிரித்தார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் இந்தப் படங்களப் பாக்கிறீங்கதானே மகள். சொல்லுங்க."

டொக்டர் சொல்வதுதான் சரி என்றேன்.

டீச்சர் பிறகு வரவேயில்லை. இடப்பக்க வேர் ஆடத் தொடங்கி, ஒருநாள் சாப்பிடும்போது கழன்று விழுந்ததாக அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அறிந்தேன். அந்த வருடமே வேலையை விட்டேன். வாயைத் திறக்காமல்தான் விட்டேன்.

போன மாதம் டொக்டருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். விழா மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி வீட்டுக்கே வந்து கேட்டார்கள். அந்த மனிதரைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை இல்லை என்று அனுப்பிவிட்டு, மறுநாள் மண்டூருக்குப் போனேன்.

டீச்சர் உட்காரக் கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். நான் பார்த்த படங்களைப் பற்றியெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு டீச்சர் சொன்னார்:

"அந்த மனிசன் சொன்னத நான் நம்பல்ல. நீங்க சொன்னாப்பிறகுதான் எனக்கு என்னிலயே சந்தேகம் வந்திச்சு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சுவரில் இருந்த கலண்டரைக் காட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் கீழே, பல் தீட்டியதும் பேனையால் போடும் இரண்டு புள்ளடிகள், காலைக்கொன்று, இரவுக்கொன்று. அன்றைய திகதியில் ஒன்று ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.