திரை போட்ட காரும் ஹாஜியாரின் வாயும்

1. முதுகைக் காட்டி வியாபாரம்

மாத்தளை டவுனில் ஒரு புடவைக்கடையில் நான் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். முதல் நாள் எனக்குக் கற்றுத் தந்தது துணி மடிப்பதை அல்ல, காருக்கு முதுகைக் காட்டி நிற்பதை. வசதியான முஸ்லிம் வீட்டுப் பெண்கள் அப்போது கடைக்குள் ஏற மாட்டார்கள். கார் வாசலில் நிற்கும், கண்ணாடிகளுக்கு உள்ளே திரை தொங்கும். நாங்கள் சேலைகளை வெளியே கொண்டுபோய், முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டித் திரை இடுக்கில் கொடுக்க வேண்டும். பிடித்த சேலை உள்ளே தங்கும். பிடிக்காதது திரும்பி வரும். அந்நிய ஆணின் காதில் குரல்கூட விழக் கூடாது என்பதால் பேச்சே கிடையாது.

இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அது அவர்கள் வளர்ந்த விதம். என் உம்மாவும் முக்காடில்லாமல் வாசலுக்கு வந்ததில்லை. எனக்கு எரிச்சலூட்டியது காருக்குள் இருந்தவர்கள் அல்ல, காருக்கு வெளியே நின்றவர்கள்தான்.

2. கொக்கோத் தோட்ட ஹாஜியார்

பல்லேபொலப் பக்கம் கொக்கோத் தோட்டம் வைத்திருந்த ஒரு ஹாஜியார் எங்கள் பெரிய கஸ்டமர். ஊர்ப் பள்ளிவாசலுக்கும் அவர்தான் தலைவர். பெண்களின் உடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கை நீளம் இவ்வளவு, முக்காடு இவ்வளவு என்று துணி அளக்கும் எங்கள் யார்க்கோலையே எடுத்துக் காட்டுவார். ஆனால் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சம்பளம் எடுத்துக்கொண்டு சீத்தைத் துணி வாங்க வந்தால், மனுஷன் வாசல் தூணோடு ஒட்டிக்கொள்வார். அவர்கள் கணுக்காலில் இருந்து அவர் கண் எழும்பாது. பார்வையைத் தாழ்த்தும்படி மார்க்கம் முதலில் ஆணுக்குத்தான் சொன்னது. இவர் தாழ்த்தியது உண்மை, எங்கே தாழ்த்தினார் என்பதுதான் கேவலம்.

3. சுபைதா ராத்தா

அதே பல்லேபொலப் பக்கத்திலிருந்து சுபைதா ராத்தா, எங்கள் எல்லோருக்கும் அக்கா மாதிரி, ஒவ்வொரு வியாழனும் பஸ்ஸில் வருவார். கணவர் மௌத்தாகித் தனியான பிறகு, எங்கள் கடைக்குச் சட்டை தைத்துக் கொடுத்துத்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். வெளுத்த சேலைதான், ஆனால் முந்தானை நெற்றி வரை இழுத்துப் போட்டிருக்கும். வருவார், மூட்டையைத் தருவார், வெட்டிய துணியை வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு வியாழன் ஹாஜியார் மகளின் கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்தார். மனைவியும் மகளும் காரில். நான் காரருகே, முதுகைக் காட்டியபடி. அப்போது சுபைதா ராத்தா மூட்டையோடு படியேறினார்.

"ஏய், நில்லு," என்றார் ஹாஜியார், தெருவே கேட்க. "புருஷன் மௌத்தாகி வீட்டுக்குள்ள இத்தா இருந்து முடிஞ்சதும் பஸ்ஸுல ஏறி ஆம்பிளைங்களோட ஒரசிக்கிட்டு வாறியா? யாருக்குக் காட்ட வாற?"

அதற்கு மேலும் சொன்னார். அதை நான் எழுத மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டு நிற்பவன்கூட ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே அப்படிப் பேச மாட்டான்.

ராத்தா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஹாஜியார், மூட்டையைக் கொண்டு வர எங்க வீட்டுல ஆம்பிளை இல்ல. புள்ளைங்களுக்குப் பசி மட்டும் ஈக்கிது."

ஹாஜியார் முதலாளி பக்கம் திரும்பினார். "இவளுக்கு இனி வேலை குடுத்தா எங்க ஊர்ல ஒருத்தரும் ஒங்கட கடைக்கு வர மாட்டாங்க. அந்நியப் பொம்பளை நிக்கிற எடத்துல நான் நிக்கவும் மாட்டேன்."

எங்கள் முதலாளிக்குத் தொப்பி பெரிது, முதுகெலும்புதான் கிடையாது. "ராத்தா, கோவிச்சுக்காதீங்க, இனி வர வேணாம்," என்று மூட்டையைப் பார்த்துச் சொன்னார். ராத்தா மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். எனக்கு இரண்டு பேரையும் யார்க்கோலால் அடிக்கலாம் போலிருந்தது.

4. திரைக்குள்ளிருந்து

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. அத்தனை வருஷத்தில் நான் கேட்காத குரல்.

"தம்பி, அந்த ராத்தாவை வரச் சொல்லுங்க."

ராத்தா வந்ததும் பின்கதவு திறந்தது. "உள்ள வாங்க. எங்க மகள்ட கல்யாணச் சட்டை எல்லாம் நீங்கதான் தைக்கணும். தம்பி, எடுத்த சேலை எல்லாத்தையும் தாறேன், முன் சீட்டுல அடுக்குங்க. முதலாளிக்கிட்டச் சொல்லுங்க, இவங்களுக்கு இங்க வேலை இல்லாட்டி இனி எங்களுக்கும் இங்க புடவை வேணாம்."

நான் முன் சீட்டில் அடுக்கினேன். நன்றாக, கூரை முட்ட அடுக்கினேன்.

ஹாஜியார் ஓடி வந்து பின்கதவைப் பிடித்தார். "என்ன கூத்து இது?"

"கையை எடுங்க," என்றார் அந்த அம்மா. "உள்ள அந்நியப் பொம்பளை ஈக்கிறாங்க. தெரை கண்ணைத்தான் மறைக்கும். நீங்க பேசினது முழுக்க ஒங்கட மகள் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா."

உள்ளே ஒரு பெண் விம்முவது கேட்டது. ஹாஜியார் கையை எடுத்தார். முன்னால் போய்ப் பார்த்தார், உட்கார இடமில்லை. வயதான டிரைவர் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் காரை எடுத்தார்.

முதலாளி நடைபாதைக்கே ஓடி வந்து, "ராத்தா, வழமை போல வியாழன் வாங்க!" என்று கார் போன திசையில் கத்தினார். வெட்கங்கெட்டவர்.

ஹாஜியார் ஊருக்குப் பஸ்ஸில்தான் போனார். ஏறுகிற இடத்திலேயே நெரிசல். "இஸ்ஸரஹட்ட யன்ன, ஹாஜியார்!" என்று முன்னால் போகச் சொல்லிக் கொண்டக்டர் அவரைக் கூடைக்காரப் பெண்களுக்கு நடுவே தள்ளிவிட்டதை நான் வாசலில் நின்று பார்த்தேன். மனம் நிறையப் பார்த்தேன்.

அதன் பிறகும் அவர்தான் பள்ளிவாசல் தலைவர், பேச்சும் குறையவில்லை. எங்கள் கடைக்கு மட்டும் வரவில்லை. அவர் மனைவியும் மகளும் வந்தார்கள், அதே திரையோடு. சுபைதா ராத்தா வியாழன் தவறவில்லை.

இப்போது கடையில் நிற்கும் தம்பிமாருக்கு நான் சொல்ல நினைப்பதும், என் தொழில் எனக்குச் சொல்லித் தந்ததும் இவ்வளவுதான். வெட்கத்தைப் பற்றி ஒருவர் உரக்கப் பேசினால், காதைக் கொடுக்காதீர்கள். அவர் கண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அவர் வீட்டுப் பெண்களுக்காக மனதுக்குள் இறைவனிடம் ஒரு துஆ கேட்டுவிட்டு, துணியை மடியுங்கள்.